விழ வேண்டியவர்

“நடிக்கிற ஆள்தானேடீ விழப்போறாரு! அதுக்குப் போய் யாராச்சும் இப்படி நடுங்குவாங்களா?”

பஸ்லா சிரித்தாள். நிஹ்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலுதவிப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மாத்தளை நகர அணிக்கும் இரத்தோட்டை அணிக்கும் சிநேகபூர்வக் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது.

விளையாட்டு வீரர்களின் காயங்களைப் பார்க்கும் முதுமாணிப் பட்டப்படிப்பில் அவளுக்கு இன்று செய்முறைப் பரீட்சை. அதற்காக விரிவுரையாளர் அன்ஸாப் சேர், வில்கமுவ நாடகக் குழுவிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார். வீரர்களோடு வீரராக அவரும் ஓடுவார், ஏதோ ஒரு நேரத்தில் விழுந்து புரளுவார். ஆள் யார், எங்கே அடிபட்டதாக நடிப்பார் என்பது சேருக்கு மட்டும்தான் தெரியும்.

“கலேவெலையில நடந்தது மறந்துபோச்சா?” என்றாள் நிஹ்லா.

போன தவணை கலேவெலையில் ஒரு பையனுக்கு உண்மையாகவே தோள்மூட்டு விலகிவிட்டது. அவன் கத்திய கத்தலில் நிஹ்லாவுக்குப் பையின் ஜிப்பைத் திறக்கக்கூடக் கை வரவில்லை. பஸ்லாதான் ஓடிப்போய்ப் பார்த்தாள். “இன்னொரு தடவை இப்படி நின்னீங்கன்னா, வேற படிப்பு ஏதாவது பாருங்க,” என்று சேர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

“இன்னைக்கு எப்படியாச்சும் பாஸ் பண்ணிருவேன்டீ. ஆனா அதுக்குப் பொறகு? நெசமா ஒருத்தர் விழுந்தா கிட்டப் போவேனான்னு எனக்கே தெரியல்ல.”

“மொதல்ல பாஸ் பண்ணு. அழுறதுக்கு நெறய நேரம் இருக்கு.”

இடைவேளை முடிந்து ஆட்டம் சூடுபிடித்தது. இரத்தோட்டை அணி வீரர் ஒருவர் பந்தோடு பாய்ந்தார். எதிராளியின் கால் குறுக்கே வந்தது. “யா அல்லாஹ்!” என்று அலறிக்கொண்டு சுருண்டு விழுந்தார்.

“விழுந்துட்டாரு நம்ம ஆளு!” நிஹ்லா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து சேரும், பரீட்சைப் புள்ளி போடும் அட்டையைப் புல்லில் வீசிவிட்டு ஓடிவந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் அதற்குள் முழங்காலில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“பேரு என்ன, நானா?” அண்ணனிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

“ஸஜ்ஜாத்... கால்... கால் போச்சு...”

சப்பாத்து லேஸை வெட்டி, காலுறையைக் கத்தரித்தாள். கணுக்காலுக்கு மேலே வீங்கி, நிறம் மாறியிருந்தது. மேக்கப் போட்டவர் கெட்டிக்காரர்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

“விரல்ல தொடுறது தெரியுதா? அசைக்க ஏலுமா?”

பதிலுக்கு இன்னோர் அலறல். நிஹ்லா குனிந்து அவர் காதோரம் மெதுவாகச் சொன்னாள். “கொஞ்சம் கொறச்சுக் கத்துங்க நானா. புள்ளி எனக்குத்தான், உங்களுக்கு இல்ல.”

அவர் பேய்முழி முழித்தார். கண்ணிலிருந்து நீர் வேறு வழிந்தது. இப்படியொரு நடிப்பை அவள் டீவி நாடகத்தில்கூடப் பார்த்ததில்லை.

அதற்குள் இரத்தோட்டை அணியின் பயிற்சியாளர் ஹுசைன் மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காலில் கை வைத்தார். “சுளுக்குத்தான் இது. ஒரே இழுவை, சட்டுன்னு சரியாயிரும்! ஆள் எழும்பி வெளையாடுவான்.”

ஓகோ, இவரும் பரீட்சையில் ஒரு கேள்வியா? நிஹ்லாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“கைய எடுங்க மாஸ்டர். எலும்பு உடைஞ்சிருக்கலாம். இழுத்தீங்கன்னா நரம்பும் சேர்ந்து போயிரும். இவரு இன்னைக்கு வெளையாட மாட்டாரு.”

“அதச் சொல்ல நீங்க யாரு, மகள்?”

“அதச் சொல்லத்தான் என்னய இங்க வச்சிருக்காங்க. சேர், அம்புலன்ஸ் வேணும்!”

“சொல்லிட்டேன்,” என்றார் சேர். அவர் கையில் ஃபோன் இருந்தது.

மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே கையை எடுத்தார். நிஹ்லா காலை அசைக்காமல் இரு பக்கமும் மரச் சிம்பு வைத்துக் கட்டினாள். கட்டிய பிறகு மறுபடியும் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. கட்டும்போதெல்லாம் அவருடைய வீடு, பிள்ளை, போன போட்டியில் அடித்த கோல் என்று ஏதேதோ கதை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவருடைய மூச்சும் மெல்ல அடங்கியது.

அம்புலன்ஸ் வந்து ஸஜ்ஜாத்தை ஏற்றிக்கொண்டு போயே விட்டது. ஒரு பரீட்சைக்கு இவ்வளவு ஏற்பாடா என்று நிஹ்லா வாயைப் பிளந்தாள்.

“பாஸ்!” என்றார் சேர். “ஒரு தடவகூட உங்க கை நடுங்கல்ல.”

பஸ்லா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். நிஹ்லாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு ஒட்டவில்லை.

“நடிப்புக்கு எப்படி சேர் கை நடுங்கும்? இதுவே நெசமா இருந்திருந்தா, கலேவெலையில நின்ன மாதிரித்தான் மரம் மாதிரி நின்னிருப்பேன். இந்தப் பாஸ வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

சேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மைதானத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஒரு ட்ரெக்டர் வந்து நின்றது. அதிலிருந்து குதித்த இளைஞன் ஒருவன், புது ஜேர்சியும் முழங்காலில் சிவப்புச் சாயமுமாக மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“மன்னிச்சிருங்க சேர், நாடகக் குழு ரொமேஷ்! வில்கமுவ பஸ் பாதி வழியில நின்னுருச்சு,” என்றவன், முழங்காலைத் தட்டிக் காட்டிக் கேட்டான்: “நான் எந்த நேரம் சேர் விழணும்?”