முப்பத்தொன்பதாவது இடம்

ஒரு சேவலின் விந்தணுவுக்குள் முப்பத்தொன்பது குரோமோசோம்கள் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நூல் மாதிரி மெலிசு, ஆனால் நீளம். அவர்கள் அடங்க வேண்டிய விந்தணுவின் தலையோ ரொம்பச் சின்னது, சீக்கிரமே இறுகி மூடிவிடும். ஒருத்தி வெளியே நின்றுவிட்டாலும் பிறக்கப்போகும் குஞ்சு உருப்படாது.

அவர்களில் ரொம்பப் பொடிசானவள் வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"அக்கா, என் இடம் எது?" என்று எல்லாரிலும் நீளமானவளைக் கேட்டாள்.

"எனக்கு எப்பவும் இதே இடந்தான். நீ உன் இடத்துல போய் உட்காருடி."

பக்கத்தில் நசுங்கிக் கிடந்த நெட்டையன் சிரித்தான். "இடமாவது, மண்ணாவது! நான் கிடைச்ச சந்துல நுழைஞ்சேன். யாரு கேட்டா?"

பொடிசுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருத்திக்குத் தனக்கென்று ஓர் இடம் இருக்கிறது, ஒருத்தனுக்கு இல்லை. தான் எந்த ரகம்? நடுவில் ஒரு சந்து தெரிந்தது. கிட்டே போவாள், உடனே பின்வாங்குவாள்.

"அது வேற யாரோடதாவது இருந்து, எழுந்திருன்னு சொல்லிட்டா?"

"அடியே, மத்த எல்லாரும் உள்ள வந்தாச்சு. வெளிய நீ ஒருத்திதான் நிக்கிற. உன்னை எழுப்ப யாருடி வரப்போறா?" என்று நீளமானவள் கத்தினாள்.

பொடிசு கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தச் சந்துக்குள் நுழைந்தாள். விந்தணுவின் தலை மூடிக்கொண்டது. மூச்சு விடக்கூட முடியாத நெருக்கம். அப்போதும் அவள், யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோலக் கொஞ்சம் ஒதுங்கியேதான் உட்கார்ந்திருந்தாள்.