பஞ்சுவின் தும்மல்

"உங்க வீட்டுல யாராவது மூக்குப்பொடி போடுவாங்களாம்மா?"

கால்நடை மருத்துவர் சாலமோன் கேட்டதும் அமிர்தவல்லி வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"பொடியும் இல்ல, சுருட்டும் இல்ல சார். சாம்பிராணி போடறதக்கூட நிறுத்திட்டேன். அப்பவும் தும்மிகினேதான் கீது."

மேஜை மேல் இருந்த கூடைக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது. இன்னொன்று. சாலமோனுக்குச் சிரிப்பு வந்தது. செங்கல்பட்டுக்கு வந்ததிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் மாடும் ஆடும்தான். கினிப் பன்றி என்று மூர் மார்க்கெட்டில் விற்ற இந்தப் பிராணியோ பன்றியும் இல்லை, எலியும் இல்லை. வாலில்லாமல், வெள்ளை வெளேரென்று, முயல்குட்டி அளவில் இருந்தது. பெயர் பஞ்சு.

"போன தடவ வைக்கோல் தூசியா இருக்கும்னு சொன்னேனே?"

"வைக்கோல எடுத்துட்டுப் பழைய சாக்கு போட்டேன் சார். பசும்புல்லுதான் குடுக்கறேன்."

"எப்பவும் தும்முதா?"

அமிர்தவல்லி கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க வூட்டுக்காரரு வந்தாத்தான் சார். அவுரு லாரி வச்சிகினு சதுரங்கப்பட்டினம் பக்கம் கட்டட வேலைக்கு ஜல்லி லோடு அடிக்கிறாரு. வெள்ளிக்கிழம ராத்திரி வருவாரு, ஞாயித்துக்கிழம கிளம்பிடுவாரு. அதுவரைக்கும் தும்மும். அவுரு போனா அடங்கிடும்."

"அப்போ சிமெண்டுத் தூசி!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். குளிச்சுட்டுத் தொடுங்கன்னு சொல்லிட்டேன். குளிச்சுட்டு வந்துதான் மடியில வச்சிப்பாரு. பாவம், அவுருக்கும் இதுமேல ஆசை. நான் தனியாக் கெடக்கறேன்னு அவுருதான் மெட்ராஸ்லேர்ந்து வாங்கியாந்தாரு."

பஞ்சு மறுபடியும் தும்மியது. சாலமோன் அதைத் தூக்கினார். காதைப் பார்த்தார், மூக்கைத் துடைத்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சளி இல்லை. பிறகு அதைச் சுற்றியிருந்த துண்டை எடுத்து விரித்தார்.

"இது யாரோடது?"

"அவுரோடதுதான் சார். பையில கெடந்துச்சு. இதாலதான் தலை துவட்டுவாரு. காலையில குளிரா இருந்துச்சேன்னு சுத்தியாந்தேன்."

சாலமோன் துண்டை முகர்ந்தார். மடிப்பை விரலால் தேய்த்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"பிடிச்சாச்சு! சிமெண்டு இல்லம்மா. பவுடர். அதுவும் கைக்குழந்தைக்குப் போடற பவுடர். எங்க வீட்டுலயும் ஒரு வாண்டு இருக்கு, இந்த வாசனை எனக்கு நல்லாத் தெரியும்."

அவர் சந்தோஷமாகக் கை கழுவினார்.

"மருந்தே வேணாம். பாப்பாவைத் துவட்டின துண்டை இதுக்கிட்ட கொண்டுபோகாதீங்க. உங்க வீட்டுக்காரர் கொஞ்சறதுன்னா ரெண்டுல ஒண்ணைத்தான் கொஞ்சணும்!"

அமிர்தவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துண்டை வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி சார்" என்றாள்.

ஏரிக்கரை வழியாக நடந்து வீடு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. முந்தின இரவு வந்திருந்த கணவன் திருவேங்கடம் அப்போதுதான் எழுந்து, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா அமிர்தம், டாக்டரு இன்னா சொன்னாரு?"

"காரணம் தெரிஞ்சிடுச்சு."

"அப்பாடா! இன்னாவாம்?"

"பவுடராம்."

"பவுடரா? நீதான் பவுடரே போடமாட்டியே?"

"நான் போடமாட்டேன்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். துண்டை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திருவேங்கடம் துண்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். வாயிலிருந்த இட்லியை மெல்லவே மறந்துவிட்டான்.

"பையனா, பொண்ணா?" என்று கேட்டாள் அமிர்தவல்லி.

ஒரு பிள்ளை வேண்டுமென்று கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து திருக்கழுக்குன்றம் மலையை எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறார்கள். தொட்டில் கட்டாத அந்த வீட்டில், எந்தப் பிள்ளை என்று அவன் கேட்கவில்லை.

"பொண்ணு" என்றான் தலையைக் குனிந்தபடி. "உன் பேருதான் வச்சிருக்கோம்."