குப்பைக்கு வந்த மவுசு

"குப்பையைப் போய் யாரும்மா கேட்டு வாங்குவாங்க?" என்று துக்கிமான் தன் மனைவியிடம் கேட்டது போன மாதம்.

"குப்பை இல்லைங்க, உரம்! இந்த மாசமும் யாரும் எடுத்துட்டுப் போகலைன்னா, கொட்டகையைக் காலி பண்ணிட்டு பைக் நிறுத்தப் போறாராம் சந்துத் தலைவர்." என்றாள் வெனிங்.

சுரபாயா நகரின் அந்தச் சந்தில் உரக் கொட்டகை போடுவது இது மூன்றாம் முறை. முதல் முறை உரம் செய்ய இலவசமாக வந்த கூடைகளில் கோழிகள் குடியேறின. அடுத்து வந்த பீப்பாய்கள், முனையில் குச்சியில் குத்திச் சுட்ட கறி விற்கும் சாத்தே கடைக்கு நாற்காலிகளாயின. இதையாவது நிலைக்க வைக்க வேண்டுமென்று வெனிங் வீடு வீடாகப் போய்க் காய்கறித் தோலுக்குக் கெஞ்சினாள். தோல் வந்தது; உரமும் ஆனது. எடுத்துப் போகத்தான் ஆளில்லை.

அப்போதுதான் ஒரு மூட்டை உரம் காணாமல் போனது. மறுவாரம் இன்னொன்று.

அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த எதிர்வீட்டு சுராத்தி, காவல் சாவடியின் மூங்கில் முரசைத் தட்டி ஊரைக் கூட்டிவிட்டாள்.

"என் வீட்டு வாழைப்பழத் தோல் அதுல இருக்கு! எவன் அப்பன் வீட்டுச் சொத்துன்னு தூக்கிட்டுப் போனான்?"

"திருடுற அளவுக்கு அதுல என்னமோ இருக்குடி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அன்று மாலையே கொட்டகை வாசலில் வாளிகளோடு வரிசை. மிளகாய்ச் செடிக்கு, மல்லிகைக்கு... செடியே இல்லாதவர்களும் பங்கு கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தே கூட்டம் போட்டது. துக்கிமான் ஓரமாக உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுப்பதும், விழுங்குவதுமாக இருந்தான்.

"என்ன அண்ணே, திருடன் மாதிரி முழிக்கிறீங்க?" என்றாள் சுராத்தி.

"அது... மிளகாய்ச் சட்னி காரம்மா."

"நல்லாத்தான் சந்தேகப்பட்டே போ! ஒரு வாளி தண்ணி தூக்கச் சொன்னாலே இவருக்கு இடுப்பு புடிச்சுக்கும்" என்றாள் வெனிங். கூட்டம் சிரித்தது. சுராத்தி மட்டும் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சந்துத் தலைவர் எழுந்தார். "பைக்கெல்லாம் வேற இடம் பார்த்துக்கட்டும். கொட்டகை இங்கேதான் இருக்கும். வெனிங், நீதான் பொறுப்பு. அந்தத் திருடனையும் நீதாம்மா புடிக்கணும்!"

கைதட்டலுக்கு நடுவில் வெனிங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டதும், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைத் துக்கிமான் கேட்டே விட்டான்.

"உன் கொட்டகைதான் பிழைச்சிடுச்சே வெனிங்... நீ தூக்கிட்டு வந்து நம்ம கட்டிலுக்கடியில ஒளிச்சு வெச்சிருக்கிற மூட்டைங்களை இன்னைக்காவது எடுத்துடேன்மா, புழுவெல்லாம் என் பக்கமாவே ஏறுது!"