நான்கில் ஒன்று

பெண் பார்க்க வருவதற்குச் சரியாக இருபத்து நான்கு மணி நேரம் இருந்தபோது, மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் நாலைந்து போன்கள் ஒன்றாகக் கத்தின.

“காளியப்பண்ணா, நாளைக்குக் காலைல பத்தரைக்கு உங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களாமே. போனு சொல்லுது” என்றார் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்.

“எங்களுக்கும் டிபன் உண்டுங்களா, இல்ல காப்பியோட சரியா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

காளியப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. மாப்பிள்ளை கம்பைநல்லூர், அரசாங்க வேலை. போன தடவை வந்த வரன் நாலு பேர் வாயில் விழுந்து தட்டிப்போனதால், இந்த முறை முடிவாகும் வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று தரகர் மாதேஸ்வரனிடம் சத்தியமே வாங்கியிருந்தார்.

போனை வாங்கிப் பார்த்தார். விவசாயிகள் குழுவின் காலண்டர் அது. தக்காளி எடுக்க வண்டி எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அதில்தான் வரும். ‘ஞாயிறு காலை 6, பஞ்சப்பள்ளி’ என்பதற்குக் கீழே, ‘ஞாயிறு காலை 10.30, சோபனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்’ என்று இருந்தது.

அந்தக் காலண்டரைப் போடுவதே அவருடைய மகள் சோபனாதான். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள். குழுவின் இணையதளத்தைத் தனியாளாகக் கட்டியவள். வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு வாய் வலித்துவிடும்.

உரக்கடை மாடியில் இருந்த அலுவலகத்துக்குக் காளியப்பன் மூச்சிரைக்க ஏறினார். “ஏம்மா, தண்டோராதான் போடல நீ” என்றார்.

சோபனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கூட வேலை பார்க்கும் குருதான் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“உக்காருங்க மாமா. தன்னோட லீவுக்குன்னு குறிச்சு வெச்சிருப்பாங்க, அது இதுல மாறி வந்திருக்கும். இதுல ஒரு தடவ எழுதுனாப் போதுங்க. வெப்சைட் பக்கமா வரும், பட்டன் போனுக்கு வெறும் எழுத்தா வரும், சொவத்துல ஒட்டறதுக்கு ஒண்ணு வரும், காலண்டராவும் வரும். நாலும் தானா வரும்.”

“அப்ப சொவத்துலயும் ஒட்டிட்டீங்களா?”

குரு நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். “இல்லீங்க. மத்த மூணுலயும் இல்ல. காலண்டர்ல மட்டும் எப்பிடி வந்துச்சுன்னுதான் தெரில. மூணு தடவ பாக்காம சோபனா எதையும் ஏத்த மாட்டாங்க.”

“எடுத்துட்டேங்கப்பா” என்றாள் சோபனா.

“எடுத்து? உலை வாய மூடலாம், ஊர் வாய எதப் போட்டு மூடறது?”

சாயங்காலம், தேதியைத் தள்ளிப்போடலாமா என்று தரகரைக் கேட்கக் காளியப்பன் போனை எடுத்தபோது, வாசலில் தக்காளி வண்டியின் ஹாரன் கேட்டது. சனிக்கிழமை அவர்கள் பக்கம் வண்டி வராது.

வண்டியிலிருந்து சென்றாயன் இறங்கினார். தூரத்துச் சொந்தம், மச்சான் முறை. பின்னால் அவர் மனைவி தீர்த்தம்மாள் பூவும் பழமும் வைத்த தட்டோடு இறங்கினாள். ஓட்டி வந்த மகன் அன்பு கடைசியாக இறங்கி, டயரைப் பார்த்தபடி நின்றான். இரண்டு வருடமாக இந்த வாசலில் வண்டி நிறுத்துகிறவன்தான். “எத்தன பொட்டிங்க மாமா?” என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறு பேச்சைக் காளியப்பன் கேட்டதில்லை.

“நாளைக்கி யாரோ வர்றாங்களாம். அதான் நாங்க இன்னைக்கே வந்துட்டோம் மச்சான்” என்றார் சென்றாயன். “உங்களுக்குக் கவருமெண்டு மாப்பிள்ளதான் வேணும்னு நெனச்சு வாயத் தெறக்காம இருந்தோம். இவன் காலைல பத்தரைலருந்து சோறு திங்கல. ஏன்டான்னு கேட்டா போனத் தூக்கிக் காட்டறான்.”

“எங்கிட்டயும் அதத்தான் காட்டுனான்” என்றாள் தீர்த்தம்மாள். “பேசறதுக்கு வாய் எதுக்கு இவனுக்கு?”

காளியப்பன் அன்புவை இன்னொரு முறை பார்த்தார். குடிப்பழக்கம் கிடையாது. சொந்த வண்டி, கிணற்றோடு இரண்டு ஏக்கர். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பையன் தன் கண்ணில் படாமலே போனது எப்படி என்றுதான் அவருக்கு இருந்தது.

“நீ என்னம்மா சொல்ற?”

“உங்க இஷ்டங்கப்பா.”

கம்பைநல்லூர் வரனுக்கும் அவள் இதே பதிலைத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சொல்லும்போது, இப்போது போல, கையில் காபித் தட்டு இருக்கவில்லை.

தட்டு மாறியது. காளியப்பன் தரகரைக் கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லி நாலு தரம் மன்னிப்புக் கேட்டார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“நீ பண்ணுன தப்பும் நல்லதுக்குத்தான் ஆச்சு. இருந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரச் சரி பண்ணிடு கண்ணு. இன்னொருக்கா இப்பிடி ஆவக்கூடாது.”

சோபனா காபி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

“கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்குதுங்கப்பா. அது காலண்டருக்கு மட்டும் போகணும்னு நாந்தான் ஒரு வரி சேத்தேன்.”

காளியப்பனுக்கு விளங்கவில்லை. “ஏன், மத்த மூணும் என்ன பாவம் பண்ணுச்சு?”

அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“அவரு அத மட்டுந்தான் பாப்பாருங்கப்பா.”