மாதிரிப் போத்தல்

மகள் நஸ்ஹாவின் பல்லில் படிந்த மண்ணிறக் கறை போகவேண்டுமென்றுதான், பல்லைக் காக்கும் உப்பான புளோரைட்டை ஊர்த் தண்ணீரில் கலக்கக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள் றுமைஸா. இன்று ஊர்க் கிணற்றடியில் அதைக் கலக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது.

“உங்கட தண்ணியில புளோரைட் துப்புரவா இல்ல. அதான் கலக்கிறம்,” என்றார் நீர்வழங்கல் அதிகாரி ஜொய்சன்.

“கூடினா என்ன செய்யும் சேர்?” என்று கேட்டாள் றுமைஸா.

“பல்லுல மண்ணிறக் கறை விழும். பிறகு எலும்பையும் பிடிக்கும். நீங்க பயப்படாதீங்க, நீங்க கிணத்துல அள்ளி அனுப்பின போத்தலச் சோதிச்சுத்தானே கலக்கிறம்.”

முதல் கோப்பையை அவர் நஸ்ஹாவிடமே நீட்டினார். அவள் முக்காட்டால் வாயைப் பொத்தியபடி வாங்கினாள்.

றுமைஸா அந்தப் பொத்திய வாயையே பார்த்தாள். கலங்கல் தண்ணீரை அனுப்பினால் ஊருக்கே வெட்கம் என்று, அந்தப் போத்தலில் அவள் நிரப்பியது கடையில் வாங்கிய, உப்பெல்லாம் நீக்கிய பில்டர் தண்ணீர்.