முழுசா அழி

"உள்ளே என்ன இருக்குன்னு பாக்காதே. முழுசா அழிச்சுக் குடு," என்றார் பெரியவர் புவஸ்ஸா.

காசாபிளாங்காவின் பழைய சாமான் சந்தையில் கடை வைத்திருக்கும் ஸுஹைர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். சற்றுமுன் அவனிடம் வாங்கிய பழைய ஹார்டு டிஸ்க்கை அவனிடமே நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஃபார்மட் பண்ணித் தரேன் ஹாஜியாரே. ஒரு நொடி வேலை."

"அது எழுத்து மேல சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி தம்பி. சுரண்டினா வந்துடும். டிஸ்க் முழுக்கப் பூஜ்யமா எழுதி அழி."

இவருக்கு எதற்கு இவ்வளவு கவலை? திருட்டுச் சரக்கா, ஏதாவது தடயமா? ஸுஹைருக்குச் சந்தேகம் தட்டியது. டிஸ்க்கைக் கணினியில் செருகியதும் 'படங்கள்' என்ற ஃபோல்டர் தெரிந்தது. மவுஸை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினான்.

புவஸ்ஸா அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "வேணாம்!"

"அப்படி என்ன இருக்கு இதுல? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"தாராளமா கூப்பிடு. முதல்ல அழி."

அவர் போலீஸுக்கும் அஞ்சாததைக் கண்ட ஸுஹைர், வேறு வழியின்றி அழிக்கத் தொடங்கினான். மதியம் முழுக்க ஓடியது வேலை. அவன் வரவழைத்த புதினாத் தேநீரைக்கூட அவர் தொடவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

எல்லாம் அழிந்ததும் போனை எடுத்தார்.

"இப்திசாம், நீ வித்த லேப்டாப்ல இருந்த டிஸ்க் கிடைச்சிருச்சும்மா. சுத்தமா அழிச்சாச்சு."

மறுமுனையில் விம்மல் கேட்டது.

"அல்லா மேல ஆணையா, நானும் பாக்கல, வேற யாரும் பாக்கல. இப்பவாவது கதவைத் திற கண்ணு. உங்கம்மா காலையிலேர்ந்து வெளியில நின்னு தட்டிட்டிருக்கா."