குறுக்குக் காற்று

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், வால்யெவோ நகர வேட்டைக்காரர் சங்கத் தலைவரும் ஓய்வுபெற்ற மேஜருமான மாண்புமிகு ஸ்வேதோலிக் அவர்களுக்கு வியர்க்கிறது.

சாதாரண வியர்வை அல்ல. நெஞ்சில் பற்றி, கழுத்தேறி, மீசையைத் தாண்டி உச்சந்தலையில் வெடிக்கிற வியர்வை.

புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை போய்விட்டது. அந்த நோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன். அதை முடக்கத் தினமும் மாத்திரை.

மாத்திரை நோயை அடக்குகிறது. கூடவே மேஜரையும்.

"ஜன்னலைத் தொறடி, வேகுது!"

மனைவி விதோசவா பதறி எழுந்தாள். எதிர்ப்பக்கக் கதவையும் இறுகச் சாத்தினாள். வெளியே ஜூலை வெயில்.

"ஐயோ, குறுக்குக் காத்துங்க! இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போறதுக்குள்ள ஆளையே தூக்கிட்டுப் போயிடும்."

எங்கள் ஊரில் போரில் செத்தவர்களைவிடக் குறுக்குக் காற்றில் செத்தவர்கள் அதிகம். டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அவர்கள் வீட்டு ஜன்னல்களும் சாத்தித்தான் இருக்கின்றன.

நலம் விசாரிக்க வந்திருந்த சங்கத்தார் பிளம் சாராயக் கிண்ணங்களோடு நெகிழ்ந்துபோனார்கள்.

"குடுத்து வெச்சவருய்யா நம்ம மேஜர்," என்றார் பொருளாளர், கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

குடுத்து வைத்தவர் எழுந்தார். காட்டுப்பன்றியை ஒரே குண்டில் சாய்த்த கை ஜன்னலை நோக்கி நீண்டது.

கைப்பிடி இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள்.

மேஜர் திரும்பினார். விதோசவாவின் ஏப்ரன் பை ஒரு பக்கமாகக் கனத்துத் தொங்கியது.

அவர் ஓட்டைகளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அப்புறம் எழுந்த இடத்துக்கே போய் உட்கார்ந்தார்.

அவள் தண்ணீரும் மாத்திரையும் நீட்டினாள். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை அவள்.

"போடுங்க. ஒழுங்கா போட்டா இன்னும் பல வருஷம் இருப்பீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

மேஜர் விழுங்கினார். மீசையிலிருந்து சொட்டியது.

விதோசவாவுக்கு மாதவிடாய் நின்று உடம்பு இப்படியே கொதித்த காலத்தில், குறுக்குக் காற்று ஆகாதென்று அந்தக் கைப்பிடியைக் கழற்றி, அவள் கொதிப்பு அடங்கும்வரை தன் வேட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தவர் மேஜர்தான்.